புற்றுநோய் ஆராய்ச்சி லேபில் முதல் வருடம்: புதிதாக வருபவர்களுக்கு

எம்.எஸ்சி. முடித்துப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகளிடம் ‘ஏன் இந்தத் துறை?’ என்று கேட்டால், நிறையப் பேர் வீட்டில் இறந்துபோன ஒருவரைச் சொல்வார்கள். பாட்டி, சித்தப்பா, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த பெண். அந்த நினைவோடு லேபுக்குள் நுழைந்தால் முதல் வாரம் கண்ணில் படுவது செல் வளர்க்கும் பிளாஸ்க்கின் அடியில் ஒட்டிக் கிடக்கும் செல்கள், டிப் பெட்டி அடுக்கும் வேலை, சீனியர்களின் அவசரம். நோயாளி எங்கேயும் இல்லை. இந்தப் பிளாஸ்க்கிலிருந்து அந்தப் பாட்டியிடம் போய்ச் சேர எவ்வளவு தூரம், நடுவில் எங்கெல்லாம் வழி தவறும் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. என்னிடம் வரும் மாணவர்களுக்கு நான் சொல்வதை இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து இந்தத் துறைக்கு வருபவர்களை மனத்தில் வைத்து எழுதியது.

எங்கே நிற்கப் போகிறோம் என்று முதலில் பாருங்கள்

செல் ஏன் கட்டுப்பாடில்லாமல் பெருகுகிறது, எந்த மரபணு பழுதானது, பக்கத்தில் இருக்கும் நோயெதிர்ப்புச் செல்கள் ஏன் சும்மா இருக்கின்றன என்று தேடுவது அடிப்படை ஆராய்ச்சி. அப்படித் தெரிந்த ஒன்றைப் பரிசோதனையாகவோ மருந்தாகவோ தடுப்பூசியாகவோ ஆக்கி ஆளிடம் கொண்டுபோவது டிரான்ஸ்லேஷனல் ஆராய்ச்சி. வார்டில் மருத்துவர் பார்த்துக் குழம்பும் ஒரு விஷயத்தை லேபுக்குத் தூக்கிக்கொண்டு வருவதும் அதில் சேரும்.

கருப்பை வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காரணம் பாப்பிலோமா வைரஸ், அதாவது எச்பிவி, என்று ஹரால்ட் சுர் ஹவுசன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1970-களில் சொன்னபோது பலரும் ஏற்கவில்லை. அப்போது எல்லோரும் ஹெர்பிஸ் வைரஸைத்தான் சந்தேகப்பட்டார்கள். 1983-ல் எச்பிவி 16 வகையையும், அடுத்த வருடம் 18 வகையையும் புற்றுத் திசுவில் அவருடைய குழு கண்டுபிடித்தது. 2006-ல் தடுப்பூசி வந்தது. 2008-ல் அவருக்கு நோபல் பரிசு. இந்தியாவிலேயே தயாரான செர்வாவாக் தடுப்பூசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. ஒரு யோசனை ஊசியாக மாற முப்பது வருடம், அது நம் ஊரில் தயாராக இன்னும் பதினாறு வருடம்.

இதற்கு நடுவில் நடந்த ஒன்று நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 114 பகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். அதில் 57 பகுதிகளில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயது வரை உள்ள பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி வெறுங்கண்ணால் பார்த்தார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். திசுவில் மாற்றம் இருந்தால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்தார்கள். 2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது: இப்படிப் பார்த்த பகுதிகளில் நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தது.

இந்த ஆய்வில் எலி இல்லை, விலை உயர்ந்த கருவி இல்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு 57 பகுதிகள் இருந்தன, குலுக்கல் இருந்தது, யாருக்கு என்ன ஆனது என்று வருடக்கணக்கில் எழுதிவைத்த பதிவேடு இருந்தது. என்னைக் கேட்டால் தமிழ்நாட்டு மண்ணில் நடந்த மிகச் சிறந்த புற்றுநோய் ஆய்வுகளில் இது ஒன்று. ‘கேன்சர் ரிசர்ச்’ என்றால் செல் கல்ச்சர் மட்டும்தான் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். மரபணு, செல், நோயாளி, கணினித் தரவு, ஊர்மக்கள் என்று ஐந்தாறு வாசல் இருக்கிறது. உங்களுக்குப் பிடித்தது எது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த முதல் வருடம்.

உள்ளே வரும் வழி

இளங்கலையிலோ முதுகலையிலோ இருக்கும்போதே ஒரு கோடை விடுமுறையை லேபில் கழியுங்கள். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம் இரண்டு மாதத்துக்கு நாட்டின் நல்ல லேபுகளில் இடம் வாங்கித் தரும். விண்ணப்பம் வழக்கமாக முந்தைய வருடக் கடைசியிலேயே முடிந்துவிடும், அதனால் தீபாவளிக்கு முன்பே பார்த்துவையுங்கள்.

பிஎச்.டி.க்கு சிஎஸ்ஐஆர் நெட், கேட் ஆகிய தேர்வுகளில் ஒன்றாவது கையில் இருந்தால் நிற்கும் இடம் பலமாக இருக்கும். ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் என்ற முதுநிலைக்குப் போனதும் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. சொந்த உதவித்தொகையோடு வரும் மாணவருக்கு கைடைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அதிகம். ஏழை வீட்டுப் பிள்ளைகள் இந்தத் தேர்வுக்கு ஒரு வருடம் செலவழிப்பதை நான் எப்போதும் ஆதரிப்பேன்.

எங்கே போகலாம்? சென்னை அடையாறில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் நிறுவனம் இருக்கிறது. சென்னை ஐஐடியில் தேசிய புற்றுநோய் திசு வங்கி இருக்கிறது. நவி மும்பை கார்கரில் டாடா நினைவு மையத்தின் ஆக்ட்ரெக், திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிர்தொழில்நுட்ப மையம், பெங்களூரில் ஐஐஎஸ்சி, ஹைதராபாத்தில் சிசிஎம்பி, கொல்கத்தாவில் சித்தரஞ்சன் நிறுவனம் எல்லாமே இந்தத் துறையில் வேலை செய்பவை. டிரான்ஸ்லேஷனல் பக்கம் ஆசை என்றால், லேபும் மருத்துவமனையும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடமாகப் பாருங்கள். மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற செல் சிகிச்சைக்கு 2023-ல் அனுமதி கிடைத்தது. பொறியியல் நிறுவனத்து லேபும் புற்றுநோய் மருத்துவர்களும் ஒருவர் வாசலில் ஒருவர் போய் நின்றதால் நடந்தது அது.

லேபுக்கு எழுதும் கடிதத்தில் ‘எனக்கு ஆர்வம் அதிகம், எதையும் கற்றுக்கொள்வேன்’ என்று எழுதாதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அந்த லேபின் இரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: ‘மூன்றாவது படத்தில் மருந்தை 48 மணி நேரம் கொடுத்திருக்கிறீர்கள், 24-ல் என்ன தெரிந்தது?’ இப்படி ஒரு வரி இருந்தால் நான் கட்டாயம் பதில் போடுவேன்.

சேருவதற்கு முன் அங்கே இருக்கும் பிஎச்.டி. மாணவர்களோடு டீக்கடையில் தனியாகப் பேசுங்கள். கைடு வாரம் ஒரு முறையாவது உட்கார்ந்து பேசுகிறாரா? கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருடம் ஆயிற்று? ரிசல்ட் வரவில்லை என்று சொன்னால் என்ன நடக்கும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல அவர்கள் தயங்கினால் அந்த லேப் வேண்டாம்.

கை பழகும் காலம்

முதல் மூன்று மாதம் செல் வளர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள், வேறு எதற்கும் அவசரப்படாதீர்கள். தினமும் காலையில் இன்குபேட்டரைத் திறந்ததும் முதலில் மீடியத்தின், அதாவது செல் வளரும் ஊட்டத் திரவத்தின், நிறத்தைப் பாருங்கள். அதில் ஃபீனால் ரெட் என்ற நிறங்காட்டி இருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் சிவப்பு. செல்கள் நெருக்கி வளர்ந்து அமிலம் சேர்ந்தால் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தீர்ந்துவிட்டால் ரோஜா நிறம் கடந்து கத்தரிப்பூ நிறத்துக்குப் போகும். நேற்று செல் பிரித்துப் போட்ட பிளாஸ்க் இன்றைக்கே மஞ்சளாகி, லேசாகக் கலங்கியும் இருந்தால் பாக்டீரியா. மூடியைத் திறக்காமல் சீனியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அப்புறம் பிளீச் ஊற்றிக் கொட்டுங்கள். ‘காப்பாற்றிப் பார்க்கலாம்’ என்று ஆன்டிபயாடிக் ஊற்றுபவர்கள் பக்கத்து பிளாஸ்க்குகளையும் இழப்பார்கள்.

கலங்காமலே கெடுப்பது மைக்கோபிளாஸ்மா. அதற்குச் செல்சுவர் கிடையாது, அதனால் பென்சிலின் வேலை செய்யாது. 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவிப் போய்விடும். சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது, மீடியம் தெளிவாகவே இருக்கும். ஆனால் செல்லின் வளர்ச்சி, மரபணு வேலை எல்லாவற்றையும் மாற்றிவிடும். மாதம் ஒரு முறை பிசிஆர், அதாவது டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை, செய்து பார்ப்பதுதான் வழி. டிஎன்ஏ சாயம் போட்டால் உட்கருவுக்கு வெளியே பொட்டுப் பொட்டாக மினுங்கும். அதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது.

செல்லை உறைய வைப்பது மெதுவாக, உருக்குவது வேகமாக. உறையும்போது செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓ திரவத்தைப் பத்து சதவீதம் கலந்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி குறையும் பெட்டியில் வைத்து மைனஸ் 80-ல் ஒரு ராத்திரி, அப்புறம் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில். எடுக்கும்போது 37 டிகிரித் தண்ணீரில் ஓரிரு நிமிடத்தில் உருக்கிவிட வேண்டும். நைட்ரஜனிலிருந்து குழாய் எடுக்கும்போது முகக்கவசமும் தடித்த கையுறையும் கட்டாயம். மூடி சரியாக இல்லாத குழாய்க்குள் நைட்ரஜன் புகுந்திருந்தால் சூடு பட்டதும் வெடிக்கும். மனித ரத்தமோ திசுவோ தொடப் போகிறவர்கள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைச் சேர்ந்த வாரமே தொடங்குங்கள். மூன்று ஊசி முடிய ஆறு மாதம் ஆகும்.

பிளாஸ்க்கில் இருப்பது யார்?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

பிஎச்.டி. சேர்ந்த புதிதில் வாய்ப்புற்றில் எச்பிவியின் பங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, வைரஸ் இல்லாத வாய்ப்புற்றுச் செல் ஒன்று கன்ட்ரோலாக வேண்டியிருந்தது. தெரிந்த லேப் ஒன்றிலிருந்து கேபி என்ற செல்லை ஒரு பிளாஸ்க்கில் வாங்கிவந்தோம். பிளாஸ்க்கின் மேல் நீல மார்க்கரில் ‘கேபி, வாய்’ என்று எழுதியிருந்தது. பிசிஆர் செய்தால் எச்பிவி 18-க்குப் பட்டை வந்தது. வரவே கூடாத இடம். தண்ணீரை மாற்றினேன், பிரைமரை மாற்றினேன், பிப்பெட்டைக் கழற்றித் துடைத்தேன். என் கை சரியில்லை என்று கைடும் நானும் முடிவு செய்தோம். ஏழு மாதம் போனது. கடைசியில் எஸ்டிஆர் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஆளுக்கு ஆள் மாறும் டிஎன்ஏ துண்டுகளின் நீளத்தைப் பார்த்து செல் யாருடையது என்று சொல்லும் சோதனை அது. முடிவு வந்தது: ஹீலா.

ஹீலா என்பது 1951-ல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து, அவரிடம் கேட்காமலே எடுத்த செல். அதில் எச்பிவி 18 இருக்கிறது. பிசிஆர் முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஹீலா மிக வேகமாக வளரும். ஒரு துளி வேறு பிளாஸ்க்கில் விழுந்தால் சில வாரத்தில் அங்கே ஹீலா மட்டும்தான் மிஞ்சும். கேபி உள்படப் பல செல் வரிசைகள் உண்மையில் ஹீலாதான் என்று ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியல் விஞ்ஞானி 1966-லேயே ஒரு மாநாட்டில் காட்டிவிட்டார். அப்படியிருந்தும் கேபியை வாய்ப்புற்றுச் செல் என்று எழுதும் கட்டுரைகள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. மார்பகப் புற்று என்று பல வருடம் பயன்படுத்திய எம்டிஏ-எம்பி-435, மெலனோமா என்ற தோல் புற்றுச் செல் என்று பின்னால் தெரிந்தது. எனக்குச் செல் கொடுத்தவர்கள் ஏமாற்றவில்லை, அவர்களும் யாரிடமோ வாங்கியதுதான். ஆனால் என் ஏழு மாதம் போனது போனதுதான்.

ஆகவே செல்லை நட்புக்காக வாங்காதீர்கள். புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் சேமிப்பகத்திலிருந்தோ அதுபோன்ற வங்கியிலிருந்தோ ரசீதோடு வாங்குங்கள். வந்த வாரமே பெருக்கி, பத்துக் குழாயாவது உறைய வையுங்கள். ஆய்வு தொடங்கும்போது ஒரு எஸ்டிஆர், கட்டுரை அனுப்பும் முன் இன்னொரு எஸ்டிஆர். தவறாக அடையாளம் காட்டப்பட்ட செல்களின் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, உங்கள் செல்லின் பெயர் அதில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கிருமி புகாமல் செல்லைக் கையாளும் ஹூடில் ஒரே நேரத்தில் ஒரு செல் மட்டும். ஒரு மீடியப் பாட்டிலை இரண்டு செல்லுக்குப் பகிராதீர்கள்.

மூலிகைச் சாறும் எம்டிடியும்

நம் ஊரில் முதுகலை புராஜெக்ட் என்றால் ஏதாவது ஒரு செடியின் இலையை உலர்த்தி, மெத்தனாலில் சாறெடுத்து, ஹீலாமீதோ எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்மீதோ போட்டு, எம்டிடி என்ற சோதனை செய்து, ‘புற்றுநோய் எதிர்ப்பு ஆற்றல் உள்ளது’ என்று முடிப்பது பழக்கமாகிவிட்டது. செடிகள்மீது எனக்கு மரியாதை உண்டு. தென் மாவட்டங்களில் மானாவாரியாகப் பயிராகும் நித்தியகல்யாணியிலிருந்து வந்ததுதான் வின்கிரிஸ்டின். அது 1963-லிருந்து குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குக் கொடுக்கப்படுகிறது. ஆனால் சாறு என்ற நிலையிலேயே அது நின்றுவிடவில்லை. கனடாவில் அந்த இலைச் சாறு சர்க்கரையைக் குறைக்குமா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ரத்த வெள்ளையணுக்கள் குறைந்தன. ஏன் என்று விடாமல் தேடி, ஒற்றை மூலக்கூறைத் தனியே பிரித்து, அளவு கண்டுபிடித்து, அப்புறம்தான் நோயாளிக்குப் போனது.

எம்டிடி என்பது மஞ்சள் பொடி. உயிருள்ள செல் அதை ஊதா நிறமாக மாற்றும். நிறம் குறைந்தால் செல் குறைந்தது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். சிக்கல் என்னவென்றால், துவர்ப்புப் பொருள் அதிகமுள்ள செடிச்சாறு, சோதனை பிளேட்டில் செல்லே இல்லாத கிணற்றிலும் (குழியிலும்) எம்டிடியை ஊதாவாக மாற்றும். சில சாறுகளுக்குச் சொந்த நிறமே கருப்பாக இருக்கும். எனவே 96 கிணறு உள்ள பிளேட்டில் இவை எல்லாம் இருக்க வேண்டும்: செல் இல்லாமல் சாறு மட்டும் உள்ள கிணறு, சாறு இல்லாமல் அதைக் கரைத்த திரவம் மட்டும் போட்ட செல், நன்கு தெரிந்த மருந்து போட்ட செல், புற்று அல்லாத சாதாரணச் செல். எம்டிடியில் வந்ததை, இறந்த செல்லை நீலமாகக் காட்டும் டிரைபான் ப்ளூ போட்டு எண்ணிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

அப்புறம் அளவு. மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் போட்டால் பல சாறுகள் செல்லைக் கொல்லும், சமையல் உப்பைக் கூட அளவு தாண்டிப் போட்டால் கொல்லும். அந்த அளவு ஒருவரின் ரத்தத்தில் சேர வழியிருக்கிறதா என்று கேளுங்கள். புராஜெக்ட் அறிக்கையில் ‘செல் இறந்தது’ என்று எழுதலாம். ‘புற்றுநோய் மருந்து’ என்று எழுதாதீர்கள். அதை யாரோ ஒரு நோயாளியின் மகன் கைபேசியில் படித்துவிட்டு, கீமோதெரபியை நிறுத்திவிட்டுச் சாறு கொடுக்கத் தொடங்குவான்.

நோட்டும் எண்ணிக்கையும்

தைத்த நோட்டு, பக்க எண், மையால் எழுத்து. எழுதியதை அடிக்கலாம், கிழிக்கக் கூடாது. ரசாயனத்தின் லாட் எண், செல்லை எத்தனை முறை பிரித்து வளர்த்தோம் என்ற பாசேஜ் எண், தேதி, அன்றைக்கு நடந்த விசேஷம். ‘மதியம் 40 நிமிடம் கரண்ட் இல்லை’ என்ற ஒரு வரி ஆறு மாதம் கழித்து உங்களைக் காப்பாற்றும்.

ஒரே நாளில், ஒரே பிளாஸ்க்கிலிருந்து எடுத்த செல்லை மூன்று கிணற்றில் போட்டால் அது ஒரு சோதனைதான், மூன்று அல்ல. வேறு வேறு நாளில், புதிதாகப் பிரித்த செல்லில் செய்தால்தான் மூன்று. புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் அதிகம், இதைத் திருத்தாத கைடுகளும் உண்டு. எத்தனை முறை செய்வோம், எந்தக் கணக்கைப் போடுவோம் என்று சோதனைக்கு முன்பே எழுதிவையுங்கள். பிடிக்காத புள்ளியை அழிக்காதீர்கள். புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படத்தின் வெட்டாத மூலக் கோப்பை அன்றே சேமியுங்கள்.

2012-ல் ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனத்தார் புற்றுநோய்த் துறையின் 53 முக்கியக் கட்டுரைகளைத் தங்கள் லேபில் திரும்பச் செய்து பார்த்ததாக நேச்சர் இதழில் எழுதினார்கள். ஆறு மட்டுமே மறுபடி வந்தது. மீதி எல்லாம் திருட்டு வேலை என்று அர்த்தமில்லை. இங்கே நான் சொன்ன சின்னச் சின்ன விஷயங்களில் எத்தனையோ சறுக்கியிருக்கும். கைடுக்கு ஒரு முடிவைக் காட்டும் முன், ‘இது தப்பாக இருந்தால் எங்கே தப்பாக இருக்கும்?’ என்று நீங்களே கேட்டு இரண்டு இடமாவது எழுதிக்கொண்டு போங்கள்.

மருத்துவமனைப் பக்கம்

டிரான்ஸ்லேஷனல் வேலை தொடங்குவது இங்கேதான். முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளைப் படிக்காமல் ஒரு சொட்டு ரத்தம் கூட எடுக்கக் கூடாது. மருந்துச் சோதனை என்றால் முதல் ஆளைச் சேர்க்கும் முன் அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும், 2009 ஜூன் முதல் அது கட்டாயம். அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகும், அதைச் சேர்த்தே திட்டமிடுங்கள்.

திசு எடுக்க ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஐஸ் பெட்டியோடு நிற்கும் வேலை உங்களுடையது. அறுவை நிபுணர் ரத்தக் குழாயைக் கட்டிய நொடியிலிருந்து திசு மாறத் தொடங்கும். ஆர்என்ஏ வேண்டுமானால் அரை மணிக்குள் உறைய வைக்கப் பாருங்கள். ரத்தக் குழாய் கட்டிய நேரம், கட்டி வெளியே வந்த நேரம், நைட்ரஜனில் போட்ட நேரம் மூன்றையும் எழுதுங்கள். நீங்களாகக் கட்டியை வெட்டாதீர்கள். நோயறிதலுக்கு வேண்டியதை பேத்தாலஜி மருத்துவர் எடுத்தபின் மிஞ்சுவதுதான் ஆராய்ச்சிக்கு. மிஞ்சவில்லை என்றால் வெறும் பெட்டியோடு திரும்பி வர வேண்டும்.

ஒப்புதல் படிவம் வாங்கும்போது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, மார்பகப் புற்று, கையில் துணிப்பை. தமிழ்ப் படிவத்தை நான் வாசித்து முடித்தேன். அவர் கேட்டார்: “இந்த ரத்தத்த வச்சு எனக்கு ஏதாச்சும் நல்லது நடக்குமா கண்ணு?” என் வாயில் ‘நடக்கும்மா’ என்றுதான் வந்தது. அடக்கிக்கொண்டு, “உங்களுக்கு இப்ப ஒண்ணும் கிடைக்காதும்மா. பின்னால வர்றவங்களுக்கு உதவலாம். வேணாம்னாலும் உங்க வைத்தியம் அப்படியே நடக்கும்” என்றேன். கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்தார். “எம்பொண்ணு இருக்கா. எடுத்துக்க” என்று கையை நீட்டினார். எழுதத் தெரியாதவர் என்பதால் எங்கள் குழுவில் சேராத ஒருவரைச் சாட்சியாக வைத்து ரேகை வாங்கினோம்.

ஆராய்ச்சியைச் சிகிச்சை போலக் காட்டி ஒப்புதல் வாங்குவது பொய். படிவத்தை வீட்டில் உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியாத வரியைத் திருத்தி எழுதி, மறுபடி குழுவின் அனுமதிக்கு அனுப்புங்கள். வாரம் ஒரு முறை மருத்துவர்கள் கூடி ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன சிகிச்சை என்று முடிவெடுக்கும் டியூமர் போர்டு கூட்டம் நடக்கும். அனுமதி வாங்கி ஓரமாக உட்காருங்கள். மூன்று மாதம் கேட்டால், நீங்கள் ஆராயும் மரபணு யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்று புரியத் தொடங்கும்.

கணினி

லேப் வசதி இல்லாத ஊரில் படிப்பவர்களுக்கு இது நல்ல வாசல். அமெரிக்காவின் டிசிஜிஏ திட்டம் 2006-ல் தொடங்கி 33 வகைப் புற்றுகளில் 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுத் தரவைச் சேர்த்தது. சிபயோபோர்ட்டல் தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆர் அல்லது பைத்தான், இந்த இரண்டு கணினி மொழிகளில் ஒன்றை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: அந்தத் தரவில் நம் ஊர் ஆட்கள் மிகக் குறைவு. புகையிலை மெல்லுவதால் இங்கே அதிகம் வரும் கன்னம், ஈறுப் புற்றுக்கு இந்தியக் குழு தனியாக மரபணு ஆய்வு செய்து 2013-ல் வெளியிட வேண்டியிருந்தது அதனால்தான். தரவு யாருடையது என்று பார்த்துவிட்டுக் கணக்கைப் போடுங்கள்.

படிப்பும் மனசும்

வாரம் இரண்டு கட்டுரை போதும். சுருக்கத்தை விட்டுவிட்டுப் படங்களை முதலில் பாருங்கள், முடிவை நீங்களே சொல்லிப் பார்த்தபின் ஆசிரியர்கள் என்ன சொல்கிறார்கள் என்று படியுங்கள். ஹனஹானும் வைன்பர்க்கும் 2000-ல் புற்றின் அடையாளங்கள் என்று ஆறு பண்புகளைத் தொகுத்து எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கலாம். 2011-ல் அதைப் புதுப்பித்தார்கள், அதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆங்கிலம் தடுமாறுகிறது என்று, கட்டுரைகளை விவாதிக்கும் ஜர்னல் கிளப்பில் வாய் மூடி உட்காராதீர்கள். தமிழ்வழியில் படித்தவர்கள் கேட்ட கேள்விகளால் எங்கள் லேபில் இரண்டு சோதனைகளையே மாற்றியமைத்தோம். தப்பு நடந்தால் அன்றே சொல்லுங்கள். தூக்கம் போய்விட்டால், வீட்டுக்குப் போன் செய்யப் பிடிக்காமல் போனால், யாரிடமாவது பேசுங்கள், மருத்துவரிடமும் போகலாம்.

போகும்போது

படிப்பு முடிந்து கிளம்பும் கடைசி மாதம் புதுச் சோதனை எதையும் தொடங்காதீர்கள். ஃப்ரீசர் பட்டியலைச் சரிபாருங்கள். ஒவ்வொரு செல்லிலும் ஒரு குழாயை உருக்கி, உயிரோடு வருகிறதா என்று பார்த்து, அதையும் எழுதுங்கள். ஸ்பிரிட் பட்டால் அழியும் மார்க்கரில் எழுதிய லேபிள் எல்லாவற்றையும் மாற்றி ஒட்டுங்கள். குழாயில் நோயாளியின் பெயர் இருக்கக் கூடாது, குறியீட்டு எண் மட்டும். எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் பூட்டிய அலமாரியில், கைடின் பொறுப்பில்.

அந்தத் தர்மபுரி அம்மாவின் குழாய் எங்கள் மைனஸ் 80 ஃப்ரீசரில் மூன்றாவது அடுக்கு, ஏழாவது பெட்டி, சி-4 கட்டத்தில் இருக்கிறது. இந்த ஜூனில் சேர்ந்த பையனிடம் பட்டியலைக் கொடுத்து எடுக்கச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் கையில் வைத்திருந்தான், எண் தெளிவாகத் தெரிந்தது. சரிபார்த்துவிட்டு, உருகுவதற்குள் திரும்ப வைத்துவிட்டான்.